சார்ஜ் லிஸ்ட்டில் இல்லாத ஒன்று

வருஷக் கணக்கு முடிந்து ஏப்ரல் பிறந்தால் வங்கிக்காரர்களுக்கு அடுத்த ஜுரம் ஆரம்பம். டிரான்ஸ்ஃபர் லிஸ்ட். யார் பேர் வந்திருக்கிறது, யார் எங்கே போகிறார், யார் யாரைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டார் என்று ஊர் ஊராக போன் பறக்கும். கூடவே இளைஞர்களிடமிருந்து இன்னொரு கேள்வியும் வரும். "சார், ஆபீசர் பிரமோஷன் பரீட்சை எழுதலாமா, வேண்டாமா? பாஸானா வடக்கே எங்கேயாவது தூக்கிப் போட்டுடுவாங்களே. கிளார்க்காவே இருந்தா சொந்த ஊரு, சொந்த வீடு."

இதை என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. தூக்கிப் போடப்பட்டவர்களுக்கு நான் ஒரு நடமாடும் உதாரணம். பி.காம் முடித்து சிவகாசிப் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஆபீசரானதும் விதர்பாவில் பருத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கிளை. இப்போது நாற்பதுகளின் நடுவில் கொல்கத்தா, கிடர்பூர். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். ஷாலிமாரில் கோரமண்டல் ஏறினால் சென்னை போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு இன்னொரு ராத்திரி.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, மேலிடத்துப் பதில்: "நாலு ஊர் பார்த்தால்தானப்பா அனுபவம்." இன்னொன்று, டீக்கடைப் பதில்: "அய்யோ பாவம், பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு எதுக்கு இந்தப் பொழப்பு." எனக்கு இரண்டும் பாதி சரி என்றுதான் படுகிறது. மீதிப் பாதியைச் சொல்ல ரயில் எஞ்சின்காரர் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சம்பந்தம் கடைசியில் வரும்.

* * *

கிடர்பூரைத் தெரியாதவர்களுக்கு: ஹூக்ளி ஆற்றங்கரையில் துறைமுகத்தை ஒட்டிய பேட்டை இது. 1892ல் திறந்த கப்பல் துறை, எந்நேரமும் லாரி, ஃபேன்ஸி மார்க்கெட், பிரியாணி வாசனை. பக்கத்தில் கார்டன் ரீச். அங்கே ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய பழைய கட்டடம் உண்டு. பெங்கால் நாக்பூர் ரயில்வே என்ற கம்பெனியின் தலைமையகமாக இருந்தது. 1955லிருந்து தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். இங்கே பழைய ஆட்கள் அதை இன்னமும் "பிஎன்ஆர்" என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால் எங்கள் கிளையில் ரயில்வே பென்ஷன்தாரர்கள் நிறைய. நவம்பர் வந்தால் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அதில் ஒருவர் கரக்பூர் லோகோ ஷெட்டில் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டராக ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். வீட்டில் தெலுங்கு, கடையில் வங்காளி, என்னிடம் தமிழ். கரக்பூரில் வளர்ந்தவர்களுக்கு அது சகஜம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன எஞ்சின் பார்த்தீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"காரட்டு பார்த்திருக்கேன் சார். அது ஒரு எஞ்சின் இல்லே. ரெண்டு எஞ்சினுக்கு நடுவுல தொட்டில் கட்டி பாய்லரைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கும்."

இதைவிடச் சுருக்கமாக அந்த எஞ்சினை விளக்க முடியாது என்று பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படிக்கப் படிக்க எஞ்சினைவிட அதைச் செய்தவர் மேல்தான் எனக்கு ஆர்வம் கூடியது.

* * *

ஹெர்பர்ட் வில்லியம் காரட். (சாம்பாரில் போடுகிற கேரட் இல்லை :-) ) 1864ல் லண்டனில் பிறந்தவர். 1879ல், பதினைந்து வயதில், நார்த் லண்டன் ரயில்வேயின் பணிமனையில் அப்ரெண்டிஸ். அப்புறம் சண்டர்லாந்தில் டாக்ஸ்ஃபோர்ட் கம்பெனியில் கப்பல் எஞ்சின் வேலை. 1889ல் அர்ஜென்டினா போனார். மத்திய அர்ஜென்டினா ரயில்வே. 1892ல் அங்கேயே லோகோ சூப்பரின்டென்டென்ட் ஆனார். 1900ல் கியூபா. 1902ல் லேகோஸ், இன்றைய நைஜீரியா. 1904ல் பெரு நாட்டில் லிமா. 1906ல் இங்கிலாந்து திரும்பினார். அப்போது கிடைத்த வேலை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு ரயில்வேக்காக இங்கிலாந்தில் செய்யப்படும் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டிங் எஞ்சினியர்.

இந்த பயோடேட்டாவை இன்றைக்கு ஒரு ஹெச்.ஆர். இலாகாவில் கொடுத்துப் பாருங்கள். "ஆறு வருஷத்தில் நாலு கம்பெனியா? எங்கேயும் நிலையா இருக்க மாட்டான் போலிருக்கே" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவர் கையில் இருந்தது அதுதான். பெரிய பதவி இல்லை. பெரிய ரயில்வே கம்பெனியில் தலைமை எஞ்சினியர் ஆகவில்லை.

மறு வருஷம், 1907ல், ஒரு புது மாதிரி எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

அதில் என்ன விசேஷம் என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காமர்ஸ்காரன் சொல்கிற மெக்கானிக்கல் என்பதால், எஞ்சினியர்கள் மன்னிக்க.

ஒரு நீராவி எஞ்சின் பலமாக இழுக்க வேண்டுமானால் நிறைய நீராவி வேண்டும். அதற்குப் பெரிய கொதிகலன் வேண்டும். பெரிய கொதிகலன் வைத்தால் எடை ஏறும். எடை ஏறினால் மெல்லிய தண்டவாளமும் பலமில்லாத பாலமும் தாங்காது. சரி, எடையைப் பரப்புவதற்குச் சக்கரங்களைக் கூட்டலாம் என்றால் எஞ்சின் நீளமாகிவிடும். விறைப்பான நீள எஞ்சின் வளைவில் திரும்பாது. ஆக, ஏற்றமும் வளைவும் உள்ள, சிக்கனமாகப் போட்ட பாதைகளில் சின்ன எஞ்சின்தான் கதி. இல்லாவிட்டால் ஒரு ரயிலுக்கு இரண்டு எஞ்சின், இரண்டு டிரைவர், இரண்டு மடங்கு ஆள்.

காரட் செய்தது இது. முன்னால் ஒரு எஞ்சின் வண்டி, பின்னால் ஒரு எஞ்சின் வண்டி. இரண்டுக்கும் தனித்தனிச் சக்கரம், தனித்தனி சிலிண்டர். தண்ணீர்த் தொட்டியும் கரித் தொட்டியும் அந்த வண்டிகளின் மேலேயே. நடுவில் ஒரு தொட்டில். அதில் கொதிகலனும் டிரைவர் நிற்கும் இடமும். தொட்டிலின் இரண்டு முனையும் இரண்டு வண்டிகள் மேல் சுழலும்படி உட்கார்ந்திருக்கும். கொதிகலனுக்கு அடியில் சக்கரமே கிடையாது. அதனால் கொதிகலனைத் தடிமனாகவும் நெருப்புப் பெட்டியை ஆழமாகவும் வைக்கலாம். வளைவில் வரும்போது இரண்டு வண்டியும் வளைந்து போக, நடுத்தொட்டில் வில்லின் நாண் மாதிரி உள்பக்கமாக நிற்கும். எடை குறையவில்லை. நிறையச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

மூட்டு வைத்த எஞ்சின்களை முதலில் யோசித்தவர் இவர் இல்லை. ஃபேர்லி, மாலெட் என்று முன்னோடிகள் இருந்தார்கள். ஆனால் மெல்லிய பாதைக்குப் பெரிய கொதிகலன் என்கிற முடிச்சை அவர்களைவிடச் சுலபமாக அவிழ்த்தது இந்தத் தொட்டில்.

இப்போது அவர் சுற்றிய ஊர்களைத் திரும்பப் பாருங்கள். அர்ஜென்டினாவில் அவர் இருந்த ரயில்வே நம்ம ஊர் பிராட்கேஜ் மாதிரியே ஐந்தரை அடி. லேகோஸில் மூன்றடி ஆறு அங்குலம். கியூபாவிலும் பெருவிலும் நாலடி எட்டரை அங்குலம். அகலம் வேறு, பாஷை வேறு, ஏற்றுகிற சரக்கு வேறு. ஆனால் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நாடுகளில் ரயில் போட்டவர்களின் கணக்கு ஒன்றுதான். குறைந்த செலவில் பாதை போடு, சரக்கைத் துறைமுகத்தில் சேர். மலையைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போ. கனமான தண்டவாளம் எதற்கு, லேசானதே போதும். லண்டனில் ஒரே பணிமனையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு இது ஒரு குறையாகவே கண்ணில் பட்டிருக்காது. அங்கே தண்டவாளமும் கனம், பாலமும் பலம்.

ஒரே ஒரு காலனியில் முப்பது வருஷம் இருந்திருந்தாலும் என்ன தோன்றும்? "இந்த ஊர் ரயில் இப்படித்தான், தலைவிதி" என்று தோன்றும். மூன்று கண்டத்தில் பார்த்தவருக்குத்தான் இது ஊரின் குறை இல்லை, எஞ்சினின் குறை என்று தோன்ற முடியும். இது என்னுடைய ஊகம்தான். அவர் அப்படி எழுதி வைத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. ஆனால் அவருடைய எஞ்சின் பிறகு எங்கெங்கே போனது என்று பார்த்தால் இந்த ஊகம் பலமாகிறது.

* * *

மான்செஸ்டரில் பேயர் பீகாக் என்ற கம்பெனி முதல் இரண்டு எஞ்சின்களை 1909ல் கட்டிக் கொடுத்தது. போன இடம் டாஸ்மேனியா. சுரங்கத்துக்குப் போகிற இரண்டடி அகலப் பாதை. அடுத்து வாங்கியது யார் தெரியுமா? நம்ம டார்ஜிலிங் இமாலயன் ரயில்வே! 1911ல் ஒன்று வந்தது. ஆக, காரட் எஞ்சின் ஆசியாவில் முதலில் கால் வைத்தது இதே வங்காளத்தில்.

அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா முழுக்க, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பர்மா. இலங்கையின் மலைநாட்டுப் பாதைக்கு 1927ல் ஒன்றும், 1945ல் எட்டும். நம் மக்கள் பறித்த தேயிலை கொழும்புக்கு இறங்கிய அதே பாதை. எங்கள் பக்கத்து பிஎன்ஆர் 1925ல் இரண்டு வாங்கி ஓட்டிப் பார்த்தது. பிடித்துப் போய் 1929ல் பதினாறு, 1931ல் பத்து, 1939ல் நாலு. மொத்தம் முப்பத்திரண்டு. 1929ல் வந்தது ஒவ்வொன்றும் 234 டன், பதினாறு இழுவைச் சக்கரம். சோட்டா நாக்பூர் பக்கத்து ஏற்றங்களில் கரியும் இரும்புத் தாதுவும் இழுத்தவை இவைதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் 1955ல் வந்த வகை மீட்டர்கேஜிலேயே 252 டன். மீட்டர்கேஜ்! நம்ம பழைய விழுப்புரம் - மதுரை லைன் அகலத்தில் அப்படி ஒரு யானை போவதை நினைத்துப் பாருங்கள்.

உலகம் முழுக்க ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் கட்டப்பட்டது என்கிறார்கள். அதில் அவருடைய சொந்த நாட்டின் பெரிய ரயில்வேக்கள் வாங்கியது எவ்வளவு? எல்என்இஆர் கம்பெனி ஒன்று. எல்எம்எஸ் கம்பெனி முப்பத்து மூன்று. தீர்ந்தது. பிறந்த ஊருக்கு அது அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. வெளியே போகாமல் இருந்திருந்தால் அந்தத் தேவை இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்த முப்பத்து மூன்றின் கதையும் சுவாரசியம். எல்எம்எஸ் தலைமையகம், எஞ்சின் யாருடையதாக இருந்தால் என்ன, அச்சுப் பெட்டி மட்டும் எங்கள் வழக்கப்படி சின்னதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு அது தாங்குமா? சூடாகிச் சூடாகி அடிக்கடி ஷெட்டில் நின்றன. 1958க்குள் அத்தனையும் கழித்துக் கட்டப்பட்டன. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? கிளை எந்த ஊரில் இருந்தாலும் படிவம் தலைமையகத்தின் படிவம்தான்.

முதல் எஞ்சினிலேயே இந்தக் கூத்து நடந்தது. டாஸ்மேனியாக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி அது கூட்டு விரிவு முறையில், சிலிண்டர்கள் உள்பக்கம் டிரைவரைப் பார்த்தபடி அமைந்தது. காரட் விரும்பிய அமைப்பு அது இல்லை. டிரைவர் நிற்கிற இடம் அடுப்பாகிவிட்டது. டார்ஜிலிங்குக்கு வந்ததில் கூட்டு விரிவு முறையை விட்டுவிட்டார்கள்.

காரட் 1913ல் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. பெரிய எஞ்சின்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. கடைசியாக அவருக்குச் சம்பளம் கொடுத்த நியூ சவுத் வேல்ஸ் ரயில்வே, 1952லிருந்துதான் தன் பெரிய காரட்டுகளை ஓட்டியது. அந்த ரயில்வேயில் நீராவி ஓய்ந்த 1973ல் கடைசிவரை ஓடியது அவர் எஞ்சின்தான். கண்ணில் பார்க்க அவர் இல்லை.

* * *

இதிலிருந்து "பார்த்தாயா தம்பி, ஊர் ஊராகச் சுற்று, நீயும் பெரிய ஆளாவாய்" என்று சொல்லப் போவதில்லை. சுற்றியவர்கள் எல்லாம் காரட் ஆகிவிடவில்லை. அதே காலத்தில் அதே மாதிரி கப்பலேறிய எஞ்சினியர்கள் எத்தனையோ பேர். வேலை பார்த்தார்கள், சம்பளம் அனுப்பினார்கள், மலேரியாவில் போனார்கள். அந்த எஞ்சின்களில் கரி அள்ளிப் போட்டவர்களின் பெயர் எந்த ஊரிலும் எந்தத் தகட்டிலும் கிடையாது.

இவருக்கு மட்டும் என்ன கூடுதலாகக் கிடைத்தது? 1906ல் அவர் வந்து சேர்ந்த நாற்காலி. நியூ சவுத் வேல்ஸுக்கான எஞ்சின்களை பேயர் பீகாக் கட்டிக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்க இவர் அந்தப் பணிமனைக்குப் போக வேண்டியிருந்தது. பாதையில் நின்று அவஸ்தையைப் பார்த்தவரும், எஞ்சினை வரைந்து கட்டத் தெரிந்தவர்களும் ஒரே இடத்தில் சந்தித்தார்கள். அங்கே யாரோ அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதால் அந்தக் கம்பெனி பிழைத்தது என்றே சொல்லலாம். காப்புரிமை 1928ல் முடிந்த பிறகும் "பேயர்-காரட்" என்று பெயர் பொறித்து விற்றார்கள். முன்னும் பின்னுமாக மொத்தம் ஆயிரத்துக்கும் மேல்.

நாடு நாடாகச் சுற்றியது பாதி. கேட்க ஆள் இருந்தது மீதிப் பாதி. நம் நிறுவனங்கள் முதல் பாதிக்குக் காசு செலவழிக்கின்றன. இரண்டாவது பாதியைக் குப்பையில் போடுகின்றன. இதுதான் என் கட்சி.

வங்கியில் ஏன் டிரான்ஸ்ஃபர் போடுகிறார்கள்? ஒரே நாற்காலியில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தால் ஆள் கெட்டுப்போவான் என்று. முக்கியமான இருக்கைகளுக்குச் சுழற்சி வேண்டும் என்பது கண்காணிப்பு விதி. நியாயமான விதிதான். ஒரே இடத்தில் வேரூன்றியவர்கள் செய்த மோசடிகளை நாம் பேப்பரில் படிக்கிறோம். ஆனால் அந்த விதியின் அடியில் இருப்பது சந்தேகம். நீ தப்பு செய்துவிடாமல் இருக்க உன்னை நகர்த்துகிறேன் என்கிறது அது. நீ அங்கே என்ன கற்றாய் என்று அது கேட்பதே இல்லை.

பொறுப்பு மாற்றும் நாளில் ஒரு சார்ஜ் லிஸ்ட் எழுதுவோம். ரொக்கம் இவ்வளவு, சாவி இத்தனை கொத்து, நகைக்கடன் பாக்கெட் இத்தனை, பத்திரம் இத்தனை, ரப்பர் ஸ்டாம்ப் இத்தனை. எண்ணிப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அந்த ஊரைப் பற்றி மூன்று வருஷம் கற்றது மொத்தமும் மறுநாள் ரயிலேறிப் போய்விடும். அதற்கு லிஸ்ட்டில் ஒரு வரி கிடையாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கிடர்பூரைத் தாண்டினால் மெட்டியாப்ரூஸ். வீட்டுக்கு வீடு தையல் மிஷின். வேலை வாங்கிச் செய்து கொடுக்கும் முதலாளியை இங்கே ஓஸ்தாகர் என்பார்கள். அவர்களுக்கு வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது. ஈத், பூஜா என்று பண்டிகையை ஒட்டிக் குவியும். நடுவில் மாதக்கணக்கில் வறட்சி. ஆனால் கடன் தவணை மாதா மாதம் ஒரே தொகை. வறட்சி மாதங்களில் தவணை நின்றால், தொண்ணூறு நாள் தாண்டியதும் வாராக்கடன் முத்திரை. நல்ல தொழில்காரன் ஒரே பருவத்தில் கெட்ட பேர் வாங்கிவிடுவான்.

இதே வியாதியை நான் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கடைக்காரர்களிடம் பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் மழை மாதிரி பணம், பிறகு வெயில். விதர்பாவில் பருத்தி விவசாயிக்கும் இதே கதைதான். ஆனால் அங்கே வைத்தியம் இருந்தது. பயிர்க் கடனுக்கு அறுவடையை ஒட்டித்தான் தவணை. வாராக்கடன் கணக்கும் பருவத்தை வைத்துத்தான், தொண்ணூறு நாள் இல்லை. நிலத்தில் விளைவது பருவத்துக்கு விளைகிறது என்று ஒப்புக்கொண்டவர்கள், மிஷினில் தைப்பதும் பருவத்துக்குத்தான் விற்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. தவணையை வருமானத்துக்கு ஏற்ப அமைத்துக் கொடுக்க இடம் இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டினால் வருவது என்னவோ சமத் தவணை டெம்ப்ளேட்தான். லேசான பாலத்தின் மேல் மொத்த எடையையும் ஓர் அச்சில் ஏற்றுவது மாதிரி. பாலம் உடைந்தால் பாலத்தைத் திட்டுவோம்.

மூன்று ஊரும் பார்த்ததால்தான் எனக்கு இது ஒரே வியாதி என்று தெரிகிறது. இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் இந்தக் கிளையில் இருந்தவருக்கு ஓஸ்தாகர்களின் சீசன் கணக்கு மாசம் வாரியாக அத்துப்படியாம். எந்த மாதம் துணி வாங்கப் பணம் கேட்பார்கள், எப்போது திருப்புவார்கள், எல்லாம். வாடிக்கையாளர்கள்தான் சொன்னார்கள். அவர் எங்கோ ராஜஸ்தானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எனக்குக் கிடைத்தது சாவிக் கொத்தும் ரப்பர் ஸ்டாம்பும். அவருக்குத் தெரிந்ததைத் திரும்பக் கற்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதத்தின் நஷ்டத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது? எழுத மாட்டார்கள். எழுதினால்தானே நஷ்டம்.

* * *

இனி டீக்கடைப் பதிலின் பக்கம் இருக்கும் நியாயம்.

காரட் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீரும் கரியும் இழுவைச் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், ஓட ஓட அவை தீர்ந்து எடை குறையும். எடை குறையக் குறைய சக்கரத்தின் பிடி தளரும், வழுக்கும். இதைப் படித்தபோது வேறு ஏதோ ஞாபகம் வந்தது. வெளியூரில் வருஷங்கள் ஓட ஓட, ஊரில் நம் பிடி தளர்வது நமக்கே தெரியும். முதல் வருஷம் வீட்டில் எல்லாவற்றையும் நம்மைக் கேட்டுச் செய்வார்கள். மூன்றாம் வருஷம் செய்துவிட்டுச் சொல்வார்கள். ஐந்தாம் வருஷம் நாம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். "நீ அங்கேருந்து என்னடா பண்ணப் போறே" என்றார்கள். சரிதானே, என்ன பண்ணியிருப்பேன்?

இதே கிடர்பூரில் சூரினாம் படித்துறை என்று ஒன்று இருக்கிறது. 1873லிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய கரை. அவர்களுக்கு லீவும் இல்லை, கோரமண்டலும் இல்லை. அதற்கு முன்னால் என் கஷ்டம் தூசு. ஆனாலும் ஒருவன் வீட்டை விட்டு விலகி இருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை அவன் மட்டும் கொடுக்கவில்லை, வீட்டில் உள்ளவர்களும் கொடுக்கிறார்கள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவர்கள், கணவனுக்கு ஒரு ஊர் மனைவிக்கு ஒரு ஊர் என்று ஆகிவிடக் கூடியவர்கள், பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. முக்கியமாகப் பெண்கள். நன்றாக வேலை தெரிந்த எத்தனை பேர் இந்த ஒரே காரணத்தால் கவுண்டரிலேயே இருந்து ஓய்வு பெறுகிறார்கள்!

இவ்வளவு விலை கொடுத்து ஒருவன் கொண்டு வருகிற சரக்கை வாங்கி வைக்க ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. விலை கொடுத்தது வீணாகாது என்று தெரிந்தால் இன்னும் நாலு பேர் துணிந்து கிளம்புவார்கள்.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் இல்லை.

ஒன்று: சார்ஜ் லிஸ்ட்டோடு கூடுதலாக ஒரு பக்கம். இந்த ஊரில் பணம் எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும், எந்தத் தொழிலுக்கு நம் படிவம் பொருந்தவில்லை, முந்தைய ஊரில் இதே மாதிரி எதைப் பார்த்தேன். அடுத்து வருபவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும், ரப்பர் ஸ்டாம்புக்குப் போடுகிற மாதிரி.

இரண்டு: கடன் திட்டங்களை வரைகிற மேஜைக்கு, மூன்று மாநிலம் பார்த்த கிளை ஆபீசர்கள் சிலரை வருஷத்துக்கு ஒரு வாரமாவது உட்கார வையுங்கள். மான்செஸ்டரில் நடந்தது அதுதான்.

மூன்று, கேள்வி கேட்ட தம்பி தங்கைகளுக்கு: வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் பரீட்சையை எழுதுங்கள். இடம் கொடுக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஊரிலேயே இருங்கள். கிளம்புகிறவர்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். "இந்த ஊர் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் குறித்து வையுங்கள். அடுத்த ஊரிலும் அதே வசனத்தைக் கேட்டால், கோளாறு ஊரில் இல்லை என்று அர்த்தம்.

மேலிடம் அந்தக் கூடுதல் பக்கத்தைக் கேட்கிற வரைக்கும் காத்திருப்பானேன் என்று நானே எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கும் அடுத்த லிஸ்ட்டில் பேர் வரலாம். ஓஸ்தாகர்களின் மாசவாரிக் கணக்கு முதல் பக்கம். வருகிறவர் எந்த மாநிலத்துக்காரரோ, அதனால் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுத இங்கே வந்துவிடுகிறேன் :-)

உங்கள் ஆபீசில் மாற்றலாகிப் போகிறவரிடம் யாராவது ஏதாவது கேட்டதுண்டா? சால்வையும் கடிகாரமும் கொடுப்பதைத் தவிர? இருந்தால் எழுதுங்கள்.

பி.கு: காரட்டை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு. தில்லி சாணக்யபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பிஎன்ஆரின் 815 நிற்கிறது. அதன் அண்ணன் 811 கரக்பூரில். 2006ல் அதைப் பழுது பார்த்துக் கொஞ்ச நாள் ஓடவும் வைத்தார்கள். அதைச் சொன்னபோது நம்ம பென்ஷன்காரர் கேட்டது ஒன்றுதான்: "ஓட்டினது யாரு சார்? பழைய ஆளு யாரையாவது கூப்பிட்டுக் கேட்டாங்களா?"